கற்களைச் சாட்சியாக அழைத்தவர்: ரிச்சர்டு டிக்சன் ஓல்டாம் (1858–1936)

சுமத்திராவில் நிலம் குலுங்கும்போதெல்லாம் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உயரமான அடுக்குமாடிகளில் வசிப்போர், தலைசுற்றுவது போன்ற ஓர் ஆட்டத்தை உணர்வதுண்டு. 2004 டிசம்பர் 26, 2005 மார்ச் 28, 2007 மார்ச் 6 ஆகிய நாள்களில் தொங்கும் விளக்குகள் ஊசலாடின. மக்கள் படிக்கட்டு வழியே இறங்கி ஓடினர். கீழ்த்தளத்தில் இருந்த பலருக்கோ எதுவும் தெரியவில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்யும்போது நடுக்கத்தின் வேகமான துடிப்புகள் வழியிலேயே தேய்ந்துவிடுகின்றன. நீண்ட, மெதுவான அலைகளே மிஞ்சி வந்து, உயரமான கட்டடங்களைத் தேர்ந்தெடுத்தாற்போல் அசைக்கின்றன. எனவே, நிலநடுக்கம் என்றதும் நம்மில் பலருடைய மனத்தில் தோன்றுவது ஊஞ்சலாட்டம்தான்.

நிலநடுக்கம் பிறக்கும் இடத்துக்கு அருகில் நிற்பவருக்கு அது ஊஞ்சலாட்டம் அன்று. 2015 ஜூன் 5ஆம் நாள் சபாவின் ரானாவ் வட்டாரத்தில் 6.0 அளவில் ஏற்பட்ட நடுக்கம், கினபாலு மலையில் பாறைகளைப் பெயர்த்து உருட்டி 18 உயிர்களைப் பறித்தது. அளவில் அது சுமத்திரா நடுக்கங்களுக்குப் பக்கத்தில்கூட வராது. வேறுபாடு தொலைவில் இருந்தது.

பூமியின் மேலோட்டில் இருபுறப் பாறைகளும் ஒன்றையொன்று உரசி நழுவும் இடத்தை நிலப்பிளவு என்கிறோம். அதன் அருகே நிலம் எப்படி அசைகிறது என்பதை, பதிவுக் கருவி ஒன்றுகூட இல்லாத இடத்தில், விழுந்த கற்களையும் திரும்பிய தூண்களையும் கொண்டே ஆராய்ந்து எழுதியவர் ரிச்சர்டு டிக்சன் ஓல்டாம். பாடநூல்கள் அவரைப் பூமியின் மையக்கருவுக்குச் சான்று கண்டவர் என்று ஒரே வரியில் அறிமுகப்படுத்தி நகர்ந்துவிடுகின்றன. அந்தப் பெருமை அவருக்கு உரியதே. ஆயினும், அசாம் மலைகளில் அவர் செய்த பணியும் அதற்குச் சற்றும் குறைந்ததன்று என்பது என் கருத்து.

ஓல்டாம் 1858 ஜூலை 31ஆம் நாள் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார். தந்தை தாமஸ் ஓல்டாம் நிலவியல் பேராசிரியராக இருந்தவர். 1851இல் கல்கத்தா சென்று இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைக் கட்டியெழுப்பி, கால் நூற்றாண்டுக் காலம் அதற்குத் தலைமை தாங்கியவர். மகன் இங்கிலாந்தில் ரக்பி பள்ளியிலும் பின்னர் லண்டன் அரசு சுரங்கவியல் கல்லூரியிலும் பயின்றார். 1878இல் தந்தை மறைந்தார். மறு ஆண்டே, 21 வயதில், மகன் அதே துறையில் பணியில் சேர்ந்தார்.

தந்தை விட்டுச் சென்ற சொத்தில் ஒன்று, முடிவுறாத ஒரு கையெழுத்துப்படி. 1869 ஜனவரியில் கச்சார் பகுதியில் பெரும் நடுக்கம் ஏற்பட்டபோது தாமஸ் ஓல்டாம் நேரில் சென்று தூண்கள் சாய்ந்த திசையையும் சுவர்கள் வெடித்த கோணத்தையும் அளந்து குறித்திருந்தார். இந்த முறையை வகுத்தவர் ராபர்ட் மாலெட் என்ற அயர்லாந்துப் பொறியாளர். விழுந்த பொருளைப் பார்த்து, அதை விழச்செய்த அசைவின் திசையையும் வேகத்தையும் பின்னோக்கிக் கணக்கிடலாம் என்பது அவருடைய கொள்கை. தந்தையின் குறிப்புகளைத் தொகுத்துச் செப்பனிட்டு வெளியிடும் பொறுப்பு இளைய ஓல்டாமிடம் வந்தது. 1880களின் தொடக்கத்தில் கச்சார் அறிக்கையும், இந்திய நிலநடுக்கங்களின் பட்டியலும் அவர் கைபட்டு அச்சேறின. பிற்காலத்தில் தாமே பயன்படுத்தப்போகும் கருவியை அவர் இவ்வாறு தந்தையின் எழுத்தின் வழியே கற்றுக்கொண்டார்.

அடுத்த பதினைந்து ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றும் நிலவியலாளர் வாழ்க்கை. மணிப்பூர், இமயமலை, பலுசிஸ்தான் எனப் பணி அவரை இழுத்துச் சென்றது. 1893இல் இந்திய நிலவியல் கையேட்டின் இரண்டாம் பதிப்பைத் திருத்தி எழுதினார். இத்தோடு ஓய்வு பெற்றிருந்தால்கூடத் துறை வரலாற்றில் ஒரு பக்கம் அவருக்குக் கிடைத்திருக்கும்.

1897 ஜூன் 12, சனிக்கிழமை. மாலை ஐந்தேகால் மணி. இன்றைய மேகாலயாவான ஷில்லாங் பீடபூமி அதிர்ந்தது. இதன் அளவு 8.1 அல்லது அதற்குச் சற்று மேல் என இன்று மதிப்பிடப்படுகிறது. அசாமின் தலைநகராக இருந்த ஷில்லாங்கில் கல்லால் கட்டிய கட்டடங்கள் அனைத்தும் சில நொடிகளில் தரைமட்டமாயின. கல்கத்தாவிலும் வீடுகள் சேதமடைந்தன. வங்காளத்தின் நாட்டோரில் அப்போது நடந்துகொண்டிருந்த மாகாண மாநாடு பாதியில் கலைந்தது. ரவீந்திரநாத் தாகூரும் அங்கே இருந்தார். நடுக்கம் உணரப்பட்ட பரப்பு ஏறக்குறைய 45 இலட்சம் சதுர கிலோமீட்டர். அதிகாரப்பூர்வக் கணக்கின்படி இறந்தோர் 1,542 பேர். இவ்வளவு பெரிய அழிவுக்கு இது குறைந்த எண்ணிக்கைதான். மாலை வேளையாதலால் பெரும்பாலோர் வீட்டுக்கு வெளியே இருந்தனர். மலைவாழ் மக்களின் மரத்தாலும் புல்லாலும் ஆன குடில்கள் ஆட்டத்தைத் தாங்கிக்கொண்டன. மலைச்சரிவுகளே பலரைக் கொன்றன.

விசாரணைப் பொறுப்பு ஓல்டாமிடம் வந்தது. துறையின் சக அலுவலர்கள் வெவ்வேறு திசைகளில் அனுப்பப்பட்டனர். மழை ஓய்ந்த குளிர்காலத்தில் ஓல்டாமே காசி மலையிலும் காரோ மலையிலும் சுற்றினார். (இந்தக் காசி வாரணாசி அன்று, காசியர் என்னும் பழங்குடியினரின் நாடு.) அந்நாளில் இத்தகைய நடுக்கத்தைப் பதியவல்ல கருவி அந்த மலைகளில் எங்கும் இல்லை. எனவே அவர் கண்ணில் பட்ட ஒவ்வொன்றையும் கருவியாக்கினார்: கல்லறைக் கற்கள், வாயில் தூண்கள், தேவாலயச் சுவர்கள், வளைந்த தண்டவாளங்கள், ஆற்றங்கரை வெடிப்புகள், வயலில் மணல் கக்கிய துளைகள்.

ஒரு தூண் சாய்வதற்கு எவ்வளவு முடுக்கம் வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. தூணின் அகலத்தை உயரத்தால் வகுத்தால், புவியீர்ப்பில் எத்தனை பங்கு முடுக்கம் தேவை என்பது தோராயமாகத் தெரிந்துவிடும். ஒரு மீட்டர் உயரமும் கால் மீட்டர் அகலமும் உள்ள கல், புவியீர்ப்பில் கால் பங்கு வேகத்தில் தரை பக்கவாட்டில் இழுக்கப்பட்டால் சாயத் தொடங்கும். நின்ற கல்லும் விழுந்த கல்லும் ஒரே ஊரில் கிடைத்தால், உண்மை அவ்விரண்டுக்கும் இடையில் இருக்கும். சிக்கல் என்னவென்றால், ஷில்லாங்கில் எதுவுமே நிற்கவில்லை. கீழ் எல்லை கிடைத்தது. மேல் எல்லை கிடைக்கவில்லை.

அந்த மேல் எல்லையை நோக்கி அவரை அழைத்துச் சென்றவை, தரையில் வெறுமனே பாதி புதைந்து கிடந்த கற்கள். மலைப்பகுதியின் சில இடங்களில், மண்ணில் அமர்ந்திருந்த கற்கள் தம் குழியை விட்டு வெளியேறிச் சற்றுத் தள்ளிக் கிடந்தன. கல் பக்கவாட்டில் தள்ளப்பட்டிருந்தால் குழியின் விளிம்பு நசுங்கியிருக்க வேண்டும். பல குழிகளின் விளிம்புகளோ சிதையாமல் அப்படியே இருந்தன. அப்படியானால் கல் உருண்டு போகவில்லை, மேலே எழும்பித்தான் போயிருக்கிறது. முறத்தில் புடைக்கும்போது தானியம் துள்ளுகிறதே, அதுபோல. முறத்தைக் கீழே இழுக்கும் வேகம் தானியம் தானாக விழும் வேகத்தைவிட அதிகமாகும் கணத்தில்தான் தானியம் முறத்தை விட்டுப் பிரிகிறது. தரைக்கும் இது பொருந்தும். செங்குத்து அசைவின் முடுக்கம் புவியீர்ப்பை விஞ்சினால் ஒழிய, கல் தரையை விட்டு எழும்பாது. ஓல்டாம் இந்த முடிவுக்குத்தான் வந்தார். கல் எவ்வளவு தொலைவு எறியப்பட்டது என்பதிலிருந்து தரையின் வேகத்தையும் மதிப்பிட முடிந்தது. சில இடங்களில் அது நொடிக்கு 3 மீட்டரையும் தாண்டியது.

இன்னொரு புதிரும் அவருக்கு வாய்த்தது. மாலெட் முறைப்படி, விழுந்த பொருள்களின் திசைகளை வரைபடத்தில் கோடிட்டால் அவை எல்லாம் ஒரு புள்ளியில் கூட வேண்டும். அதுவே நடுக்கத்தின் பிறப்பிடம். அசாம் மலைகளிலோ ஒரே வளாகத்தில் ஒரு தூண் வடக்கே விழுந்தால் மற்றொன்று கிழக்கே விழுந்திருந்தது. பீடபூமியின் தெற்கே, சுர்மா ஆற்றங்கரையில் உள்ள சாத்தக் ஊரில் சுண்ணாம்பு வணிகர் ஒருவருக்காக எழுப்பப்பட்ட உயரமான நினைவுத்தூண் உச்சி உடைந்து, எஞ்சிய பகுதி அடுக்கடுக்காகத் திருகி நின்றது. அந்தத் தூணின் படம் இன்றும் நிலநடுக்கவியல் நூல்களில் காணக் கிடைக்கிறது. சாதாரண அலுவலராக இருந்தால் முரண்பட்ட தரவுகளை ஒதுக்கிவிட்டிருப்பார். ஓல்டாமோ அந்த முரண்பாட்டையே செய்தியாக எடுத்துக்கொண்டார். பிறப்பிடம் ஒரு புள்ளி அன்று. ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நீளமும் 80 கிலோமீட்டர் அகலமும் கொண்ட பெரும் பரப்பு. அதற்கு மேலேயே நிற்பவனுக்கு அலைகள் பல இடங்களிலிருந்து, பல திசைகளில், ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்கின்றன. தொலைவில் நிற்பவனுக்கு மட்டுமே அது புள்ளியாகத் தோன்றும்.

அவர் கண்டவற்றுள் மிகவும் வியப்பூட்டுவது காரோ மலையின் வடகிழக்கே உள்ள செட்ராங் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஆற்றை ஒட்டி ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் பிளந்து, ஒருபுறம் மற்றதைவிட உயர்ந்துவிட்டிருந்தது. அதிகபட்ச உயர வேறுபாடு 35 அடி. இது மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம். ஆறு அந்தப் பிளவை வளைந்து வளைந்து பல இடங்களில் கடந்து செல்கிறது. உயர்ந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்கு இறங்கிய இடங்களில் புதிய அருவிகள் தோன்றின; உயர்ந்த பாறை குறுக்கே மறித்த இடங்களில் நீர் தேங்கிக் குளங்களாயிற்று. அசைந்த நிலம் பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை.

இன்றைய பொறியியல் மாணவர் இதை வேறு சொற்களில் படிக்கிறார். நிலப்பிளவுக்கு அருகே பதிவாகும் அசைவுக்குச் சில தனிக்குணங்கள் உண்டு. உடைப்பு பிளவின் வழியே ஓடிவரும்போது, அது எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் இருப்பவருக்கு ஆற்றல் எல்லாம் ஒன்றுதிரண்டு ஒரே பெரிய உதையாக வந்து சேர்கிறது. எதிர்த்திசையில் இருப்பவருக்கு அதே ஆற்றல் நீண்ட நேரம் சிதறி வருகிறது. 1966இல் கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில், பிளவிலிருந்து 80 மீட்டர் தொலைவில் இருந்த கருவி ஒன்று அந்த ஒற்றை உதையைத் தெளிவாகப் பதிந்தது. இரண்டாவது குணம், நிலம் ஒரேயடியாகப் பெயர்ந்து நின்றுவிடுவது. 1999 செப்டம்பர் 21இல் தைவானின் சிசி நடுக்கத்தின்போது பிளவின் வடமுனை அருகே தரை நொடிக்கு ஏறக்குறைய 3 மீட்டர் வேகத்தில் நகர்ந்து, பல மீட்டர் தள்ளி நிலைத்தது. ஷிகாங் அணை அதன்மேல் அமைந்திருந்ததால் உடைந்தது. மூன்றாவது, செங்குத்து அசைவின் வலிமை. இந்த உதையும் பெயர்ச்சியும் கட்டடத்துக்கு ஏன் கொடியவை என்றால், நூறு சிறு அடிகளைத் தாங்கும்படி வடிவமைத்த தூணை ஒரே நீண்ட தள்ளலில் அவை தம் எல்லைக்கு அப்பால் வளைத்துவிடும். மீண்டும் நிமிர அதற்கு வாய்ப்பே கிடைக்காது.

செட்ராங்கின் 35 அடியும் குழியைவிட்டுத் துள்ளிய கல்லும் இந்த வரிசையில் எங்கே பொருந்துகின்றன என்பதை வாசகர்கள் எளிதில் காணலாம்.

1899இல் ஓல்டாமின் அறிக்கை வெளிவந்தது. ஏறக்குறைய 400 பக்கங்கள். பிரிட்டிஷ் ஆட்சியின் அலுவலக அறிக்கைகளில் இன்றும் ஆர்வத்தோடு படிக்கத்தக்கவை சிலவே; இது அவற்றுள் ஒன்று. ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். கல்கட்டடங்கள்தாம் அளவெடுக்க ஏற்றவை என்பதால் அலுவலகங்களும் தேவாலயங்களும் கல்லறைகளும் சாட்சிகளாக நிற்கும் அளவுக்கு, காசி, காரோ மக்களின் வாழ்க்கை அதில் நிற்கவில்லை. எனினும், அவர்களுடைய குடில்கள் தப்பிய செய்தி வீண்போகவில்லை. நடுக்கத்துக்குப் பின் அசாமில் பரவிய வீடுகள் கல்லை விட்டு, மரச்சட்டத்தில் நாணல் தட்டியைப் பொருத்திச் சாந்து பூசிய இலேசான சுவர்களுக்கு மாறின. அசாம் பாணி வீடு என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது. இன்று ஷில்லாங்கிலும் குவஹாத்தியிலும் அவற்றின் இடத்தில் கான்கிரீட் மாடிகள் நெருக்கமாக நிற்கின்றன.

ஓல்டாமின் கதை இங்கே ஒரு திருப்பம் கொள்கிறது. அசாமை உலுக்கிய அலைகள் இத்தாலி முதலிய ஐரோப்பிய நாடுகளின் ஊசல் கருவிகளையும் எட்டியிருந்தன. அருகிலிருந்து கற்களை ஆராய்ந்தவர் இப்போது தொலைவிலிருந்து கிடைத்த கோடுகளை ஆராயத் தொடங்கினார். கோடுகளில் மூன்று கட்டங்கள் தனித்தனியே தெரிந்தன: முதலில் வேகமாக வரும் அழுத்த அலை, அடுத்து வரும் குறுக்கலை, கடைசியில் மேற்பரப்பு வழியே வரும் பேரலை. கோட்பாடு முன்பே சொல்லியிருந்த இவ்வலைகளை உண்மைப் பதிவுகளில் பிரித்துக் காட்டியது 1900இல் வெளியான அவருடைய கட்டுரை. அந்நாளில் இந்தியாவிலும் கருவிகள் வரத் தொடங்கியிருந்தன. அசாம் நடுக்கத்தின் விளைவாகக் கல்கத்தாவின் அலிப்பூரில் 1898இலும், தமிழகத்தின் கொடைக்கானலில் 1899இலும் நிலநடுக்கப் பதிவு தொடங்கியது.

உடல்நலம் குன்றி 1903இல் அவர் பணியிலிருந்து விலகி இங்கிலாந்து திரும்பினார். அங்கிருந்தபடியே 1906இல் எழுதிய கட்டுரைதான் அவருக்கு உலகப்புகழைத் தந்தது. பூமியின் மறுபுறத்தை எட்டும் அலைகள் எதிர்பார்த்ததைவிடத் தாமதமாக வருவதைக் கண்டு, பூமியின் உள்ளே வேறு இயல்புடைய மையக்கரு ஒன்று உண்டு என்றார். அதன் எல்லையைச் சரியாக அளந்தவர் அவர் அல்லர். சில ஆண்டுகளில் ஜெர்மானியரான பெனோ குட்டன்பெர்க் அதை 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் நிறுவினார். மையக்கரு இருக்கிறது என்ற முடிவு மட்டும் நிலைத்தது. 1908இல் லயல் பதக்கம், 1911இல் அரச கழக உறுப்பினர் தகுதி, 1920 முதல் 1922 வரை லண்டன் நிலவியல் கழகத்தின் தலைமை எனச் சிறப்புகள் தொடர்ந்து வந்தன.

ஆனாலும் அசாம் அவரை விடவில்லை. 1926இல், அறுபத்தெட்டு வயதை நெருங்கும் காலத்தில், 1819ஆம் ஆண்டு கட்ச் நடுக்கத்தைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். சமவெளியில் திடீரென ஒரு மண்மேட்டை எழுப்பிய நடுக்கம் அது; மக்கள் அதற்கு அல்லா பந்த், அதாவது இறைவன் கட்டிய அணை என்று பெயரிட்டனர். அதே ஆய்வில் 1897ஆம் ஆண்டு நடுக்கத்தையும் மறுபடி எடுத்துப் பார்த்தார். கண்ணுக்குத் தெரிந்த பிளவுகள் மேலோட்டமான விளைவுகளே, மெய்யான காரணம் அவற்றுக்கும் கீழே, ஆழத்தில் இருக்கிறது என்ற எண்ணம் அவரிடம் வலுப்பட்டிருந்தது. 1936 ஜூலை 15இல் வேல்சு நாட்டின் லாண்ட்ரின்டாட் வெல்ஸ் நகரில் காலமானார். அதே ஆண்டில்தான் டென்மார்க்கின் இங்கே லேமன், மையக்கருவுக்குள்ளும் இன்னொரு கரு உண்டு என்று அறிவித்தார்.

துள்ளிய கற்களின் வழக்கு தீர்ப்புக்குக் காத்திருந்தது. நிலப்பிளவுக்கு அருகில் கருவிகள் அரிதாக இருந்தவரை, தரையின் முடுக்கம் புவியீர்ப்பில் பாதியைத் தாண்டாது என்றே பொறியாளர் பலர் எண்ணியிருந்தனர். 1971இல் கலிபோர்னியாவின் பக்கோய்மா அணைக்கட்டில் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பை மிஞ்சியது. 1979இல் அதே மாநிலத்தின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் செங்குத்து முடுக்கமும் ஒன்றரை மடங்கைத் தாண்டியது. 2008 ஜூன் 14இல் ஜப்பானின் இவாத்தே-மியாகி நடுக்கத்தின்போது, பிளவுக்கு மிக அருகில் இருந்த நிலையம் ஒன்றில் மேல்நோக்கிய முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. மேல்நோக்கிய வீச்சு கீழ்நோக்கியதைவிட மிகப் பெரிதாக இருந்ததைக் கண்ட ஆய்வாளர்கள், மேற்படை மண் துள்ளுமெத்தையில் குதிப்பவரைப்போல எழுந்து விழுந்தது என விளக்கினர்.

அசாமின் மறைந்த பிளவும் பின்னர் ஒருவாறு வெளிப்பட்டது. 1897ஆம் ஆண்டு நடுக்கத்துக்கு முன்னும் பின்னும் நில அளவைத்துறை பீடபூமியில் எடுத்திருந்த முக்கோண அளவீடுகளை ரோஜர் பில்ஹாம், பிலிப் இங்லண்டு ஆகியோர் மறுபடி கணக்கிட்டு 2001இல் முடிவுகளை வெளியிட்டனர். பீடபூமியின் வடவிளிம்புக்கு அடியில் ஏறக்குறைய 110 கிலோமீட்டர் நீளமுள்ள பிளவு ஒன்று, தெற்கு நோக்கிச் செங்குத்தாகச் சரிந்து இறங்குகிறது என்பது அவர்கள் கண்டது. அது அன்று 10 மீட்டருக்கும் மேலாக, ஒருவேளை 20 மீட்டரையும் தாண்டி நழுவியிருக்கலாம். அவ்வளவு நழுவல், ஓல்டாம் கற்களிலிருந்து கணக்கிட்ட முடுக்கத்தையும் வேகத்தையும் விளக்கிவிடுகிறது. பிளவின் இடத்தையும் அளவையும் பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் தொடர்கிறது. அவர்கள் அதற்கு ஓல்டாம் பிளவு என்று பெயர் சூட்டினர். அதன் மேல்விளிம்பு தரைக்கு 9 கிலோமீட்டர் கீழே நின்றுவிடுவதால், மேலே அந்த மலைகளில் அளவுநாடாவோடு சுற்றியவர் கண்ணுக்கு அது தென்பட்டிருக்க வழியே இல்லை.